கடற்கரை ஊரின் இசைச் செல்வர்

இங்கிலாந்து நாட்டின் கீழைக் கடற்கரையில் சபோக் என்னும் மாவட்டம் உள்ளது. வடகடலின் அலைகள் ஓயாது மோதும் அக்கரையில் மீனவர் வாழும் ஊர்கள் பல. அவற்றுள் ஒன்றாகிய லோஸ்டாப்டில் 1913 ஆம் ஆண்டு நவம்பர் 22 ஆம் நாள் பெஞ்சமின் பிரிட்டன் பிறந்தார். தந்தையார் பல் மருத்துவர். அன்னையார் இனிமையாகப் பாட வல்லவர். கடலை நோக்கி நின்ற வீட்டில், அலையோசையையும் அன்னையின் பாட்டையும் கேட்டுப் பெஞ்சமின் வளர்ந்தார்.

இளமையிலேயே அவர் பியானோவும் வயோலாவும் பயின்றார். தாமே இசை அமைத்து ஏடுகளில் எழுதி நிரப்பினார். 1927 ஆம் ஆண்டு பிராங்க் பிரிட்ஜ் என்னும் இசைப்புலவர் அவரை மாணவராக ஏற்றார். ஆசிரியர் மிகக் கண்டிப்பானவர். ஒவ்வொரு சுரமும் எதற்காக நிற்கிறது என்று காரணம் காட்டும்வரை விடமாட்டார். இப்பயிற்சி பெஞ்சமினின் வாழ்நாள் முழுவதும் துணை நின்றது. 1930 ஆம் ஆண்டு அவர் இலண்டன் அரச இசைக் கல்லூரியில் சேர்ந்தார்.

1939 ஆம் ஆண்டு பெஞ்சமின் தம் நண்பராகிய பீட்டர் பியர்ஸ் என்னும் பாடகருடன் அமெரிக்கா சென்றார். அங்கே புகழும் வாய்ப்பும் கிட்டின. ஆயினும் 1941 இல் ஜார்ஜ் கிராப் என்னும் பழைய கவிஞரைப் பற்றிய கட்டுரையொன்று அவர் கண்ணில் பட்டது. கிராப் பிறந்த ஊர் ஆல்ட்பரோ. அதுவும் சபோக் கரையில் உள்ள மீனவர் ஊரே. கட்டுரையைப் படித்த பெஞ்சமினின் உள்ளம் பிறந்த மண்ணை நாடியது. போர் மூண்டிருந்த காலத்திலேயே, 1942 இல், கடல் கடந்து தாயகம் திரும்பினார்.

கொல்லாமையைக் கொள்கையாகக் கொண்ட அவர் படைக்கலம் ஏந்த மறுத்தார். அரசும் விலக்கு அளித்தது. ஆனால் அவர் வாளாவிருக்கவில்லை. சிற்றூர்களுக்கும் சிறு நகரங்களுக்கும் சென்று, துயருற்ற மக்களுக்காகப் பியானோ வாசித்தார். 1945 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆம் நாள் பீட்டர் கிரைம்ஸ் என்னும் அவரது இசைநாடகம் இலண்டனில் அரங்கேறியது. கிராப் பாடிய மீனவன் ஒருவனின் கதையே அது. அந்நாடகம் அவர் பெயரை உலகறியச் செய்தது. அடுத்த மாதமே அவர் யெகுடி மெனுகின் என்னும் வயலின் மேதையுடன் செருமனிக்குச் சென்று, பெல்சன் சிறைமுகாமில் உயிர் தப்பியவர்களுக்கு இசை வழங்கினார். அங்குக் கண்ட காட்சிகளை அவர் இறுதிவரை மறக்கவில்லை.

பெரிய இசைநாடகத்திற்குப் பெரிய அரங்கும், பல பாடகரும், மாபெரும் வாத்தியக் குழுவும் வேண்டும். தலைநகரில் அன்றி வேறெங்கும் அவை அமைதல் அரிது. அவ்வாறாயின் சிற்றூர் மக்கள் புதிய இசையைக் கேட்பது எங்ஙனம்? இவ்வினாவுக்குப் பெஞ்சமின் செயலால் விடை கண்டார். 1946 இல் எட்டுப் பாடகர்களும், ஏறத்தாழப் பன்னிரண்டு வாத்தியக் கலைஞர்களும் போதுமான இசைநாடகம் ஒன்றை இயற்றினார். மறு ஆண்டு, இத்தகைய நாடகங்களை ஊர்தோறும் கொண்டுசெல்ல நண்பர்களுடன் ஒரு சிறு குழுவை நிறுவினார்.

1947 ஆம் ஆண்டுக் கோடையில் அக்குழு ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்றது. எங்கும் பாராட்டுக் கிடைத்தது. ஆயினும் பயணச் செலவால் கைப்பொருள் கரைந்தது. அப்பொழுது, நம் ஊரிலேயே நாம் ஏன் விழா நடத்தலாகாது என்று பீட்டர் பியர்ஸ் ஒரு கருத்தைத் தெரிவித்தார். ஆல்ட்பரோவில் இருந்தது ஏறத்தாழ முந்நூறு பேர் அமரும் சிறு மண்டபமே, மேடையும் குறுகியது. மீனவர் ஊரில் புதிய இசையைக் கேட்க யார் வருவர் என ஐயுறுவதற்கு இடமிருந்தது. ஆனால் ஊரார் அம்முயற்சிக்குத் தோள்கொடுத்தனர். 1948 ஆம் ஆண்டு ஜூன் 5 ஆம் நாள், ஊர்த் தேவாலயத்தில் பெஞ்சமினின் புதிய இசைப்படைப்போடு முதல் விழா தொடங்கியது.

மக்கள் கேட்போராக மட்டும் இருத்தல் அவருக்குப் போதவில்லை. அவர்களும் இசையில் பங்குகொள்ள வேண்டும் என விழைந்தார். 1949 இல் அவர் இயற்றிய சிறுவர் இசைநாடகத்தில் அவையோரும் பாடுமாறு நான்கு பாடல்கள் அமைத்தார். 1958 இல் நோவாவின் வெள்ளப் பெருக்கைப் பற்றிய பழைய நாடகம் ஒன்றுக்கு இசை வகுத்தார். ஆல்ட்பரோவுக்கு அண்மையிலுள்ள ஆர்போர்டு தேவாலயத்தில் அது நிகழ்ந்தது. தேர்ந்த கலைஞர் சிலரைச் சூழ்ந்து சிறுவர் சிறுமியர் பலர் வாசித்தனர். வயலின் கற்கத் தொடங்கிய பிள்ளைகளும் வாசிக்கும்படி, விரல் வைக்காமல் வெறுந்தந்திகளை மீட்டும் பகுதிகளை அவர் எழுதித் தந்தார். சிலர் கைமணி அசைத்தனர். சிலர் கொம்பு ஊதினர். கயிற்றில் வரிசையாகத் தொங்கிய தேநீர்க் கோப்பைகளை மரக்கரண்டியால் தட்ட, மழைத்துளி விழும் ஓசை எழுந்தது. எளிய பொருளும் இளைய கையும் உயர்ந்த இசைக்கு உதவும் என்பதை ஊரார் அன்று கண்கூடாகக் கண்டனர்.

ஆண்டுகள் செல்லச் செல்ல, சிறு மண்டபம் போதாதாயிற்று. அருகிலுள்ள ஸ்னேப் என்னும் ஊரில், வாற்கோதுமையை முளைகட்டிப் பதப்படுத்திய பழைய ஆலை ஒன்று பயனற்று நின்றது. அதனைத் திருத்தி எண்ணூறு பேருக்குமேல் அமரும் இசையரங்காக்கினர். 1967 ஆம் ஆண்டு ஜூன் 2 ஆம் நாள் எலிசபெத் அரசியார் அதனைத் திறந்துவைத்தார். இரண்டே ஆண்டுகளில், 1969 ஆம் ஆண்டு விழாத் தொடங்கிய இரவே, அரங்கில் தீப்பற்றியது. விடிந்தபோது சுவர்கள் மட்டுமே எஞ்சின. பெஞ்சமினின் பியானோவும் சாம்பலாயிற்று. ஆயினும் விழா நிற்கவில்லை. தேவாலயங்கள் அரங்குகளாயின, நிகழ்ச்சிகள் அங்கே தொடர்ந்தன. ஓராண்டுக்குள் அரங்கம் மீண்டும் எழுந்தது. 1970 ஆம் ஆண்டு அரசியாரே வந்து மறுபடியும் திறந்துவைத்தார்.

1973 இல் நிகழ்ந்த இதய அறுவைக்குப் பின் பெஞ்சமினின் வலக்கை தளர்ந்தது. பியானோ வாசிக்க இயலவில்லை. எனினும் இசை எழுதுவதை அவர் கைவிடவில்லை. 1976 ஆம் ஆண்டு டிசம்பர் 4 ஆம் நாள் ஆல்ட்பரோவிலேயே இயற்கை எய்தினார். அவ்வூர்த் தேவாலய வளாகத்தில், ஸ்னேப் சதுப்பு நிலத்தின் நாணல்கள் பரப்பிய குழியில் அவர் உடலை அடக்கம் செய்தனர்.

பெருநகரங்கள் அழைத்தும் தம் ஊரை விட்டு நீங்காதவர் அவர். கற்ற கலையை அயலாரோடு பகிர்ந்துகொள்வதே கலைஞன் கடமை எனக் கருதினார். அவர் தொடங்கிய விழா, ஆண்டுதோறும் ஜூன் திங்களில் அக்கடற்கரையில் இன்றும் நடைபெறுகின்றது.