சிலுவை அருளப்பர்: சிறையில் விளைந்த விடுதலை

துன்பத்தில் கவிதை பிறக்கும் என்பது பழகிய கருத்து. ஆயின், துன்புற்றோர் யாவரும் கவிஞராவதில்லை. துன்பத்தைப் பாடலாக்கும் உள்ளம் எவ்வாறு பண்படுகிறது என்னும் வினாவுக்கு ஸ்பெயின் நாட்டுத் துறவியாகிய சிலுவை அருளப்பரின் வாழ்வு விடையாக அமைகிறது.

அருளப்பர் 1542இல் ஃபொந்திவேரோஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கொன்சாலோ, எளிய நெசவுப் பெண்ணான கத்தலீனாவை மணந்தமையால் செல்வச் சுற்றத்தாரால் ஒதுக்கப்பட்டவர்; மகனின் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தார். வறுமை அக்குடும்பத்தை ஊர்விட்டு ஊர் துரத்தியது. மெதினா தெல் கம்போ நகர மருத்துவமனையில் நோயாளரைப் பேணியும், அதற்காகத் தெருக்களில் இரந்தும் அருளப்பர் கல்வி பயின்றார். 1563இல் கார்மேல் சபையில் சேர்ந்தார். சலமான்காப் பல்கலைக்கழகத்தில் கற்றார். 1567இல் அவிலா தெரேசம்மையாரைச் சந்தித்தார். சபையைப் பழைய எளிமைக்கு மீட்க முனைந்த அவ்வம்மையாரின் பணியில் இணைந்து, 1568இல் துருவேலோவில் ஒரு சிறு வீட்டில் துறவியருக்கான முதல் சீர்திருத்த மடத்தைத் தொடங்கினார். மௌனச் செபமும் உடைமை துறத்தலும் அங்கு நாளும் பயிலப்பட்டன.

சீர்திருத்தத்தை விரும்பாத சொந்தச் சபையினரே 1577 டிசம்பர் 2ஆம் நாள் இரவில் அவரைப் பிடித்துத் தொலேதோவில் அடைத்தனர். அறையின் நீளம் பத்தடி, அகலம் ஆறடி. சுவரின் உச்சியில் ஒரு சிறு பிளவு மட்டும் இருந்தது. நண்பகலில் அதன்வழி கசியும் ஒளியில், பலகைமீது ஏறி நின்று செபநூலைப் படித்தார். உணவறையில் யாவர் முன்னும் கசையடி பெற்றார். எனினும் கொள்கையைக் கைவிட இசைந்தாரல்லர். ‘ஆன்ம கீதம்’ என்னும் நெடும்பாடலின் பெரும்பகுதி அவ்விருளில்தான் உருவாயிற்று. புதிதாக வந்த காவலர் இரங்கி அளித்த தாளில் அவற்றை எழுதி வைத்தார்.

அகவிடுதலை என்பது அடங்கிக் கிடத்தலன்று. எட்டுத் திங்களுக்கு மேல் கழிந்தபின், 1578 ஆகஸ்டு மாதத்தில், போர்வைகளைக் கிழித்து முடிந்து, சாளரத்தின் வழியே இறங்கித் தப்பினார். தம்மை வதைத்தோரைப் பின்னாளில் அவர் பழித்துரைக்கவில்லை. ‘இருண்ட இரவு’ என்னும் பாடலில், வீடு உறங்கும் வேளையில் தலைவனை நாடித் தலைவி வெளியேறுகிறாள். அகப்பாடல் பயின்ற நமக்கு இக்காட்சி அயலன்று. அவள் கடக்கும் இருளே ஆன்மா தூய்மையுறும் காலம் என உரை வகுத்தார். நூலிழையால் கட்டப்பட்டாலும் கயிற்றால் கட்டப்பட்டாலும் பறவை பறக்கவியலாது என்பது அவர் உணர்த்திய உண்மை. பொருட்பற்று மட்டுமன்று, வழிபாட்டில் கிட்டும் இன்பத்தின்மீது கொள்ளும் பற்றும் தளையே என்று அவர் கண்டார். புகழை நாடும் எழுத்தாளரும் எண்ணிப் பார்க்கத்தக்க கருத்து இது.

1591இல் தாம் வளர்த்த சீர்திருத்தச் சபையே அவரைப் பொறுப்புகளினின்று நீக்கிற்று. நோயுற்றபோது, தம்மை அறிந்தோர் மிக்க பயேசாவை விடுத்து, அறிமுகமற்ற ஊபெதாவைத் தேர்ந்தார். அம்மடத்துத் தலைவரோ அவரைச் சுமையாகக் கருதினார். அவரிடமும் இறுதியில் அருளப்பரே மன்னிப்பு வேண்டினார். டிசம்பர் 14ஆம் நாள் பிறந்த நள்ளிரவில், 49ஆம் அகவையில், அவர் உயிர் பிரிந்தது. இறப்போருக்குரிய மன்றாட்டுகளைத் துறவியர் ஓதத் தொடங்கியபோது, அவற்றை நிறுத்தி விவிலியத்தின் உன்னதப் பாட்டைப் படிக்குமாறு அவர் வேண்டினார். அனைத்தையும் துறந்த அக்கவிஞர் காதற்பாடலைக் கேட்டவாறே விடைபெற்றார்.