உறையாத இரத்தம் காட்டிய வழி

பாலிக் புலாவ் பகுதியில் டுரியான், ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்களுக்கு இடையே மருந்துக்கு ஆகும் இலைகளுக்கும் குறைவில்லை. அவற்றுள் ஒன்றின் சாறு இரத்தம் உறைவதைத் தடுக்குமா என்று சோதிக்க விரும்பும் மாணவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டியவர் கார்ல் பால் லிங்க்.

1901 ஜனவரி 31ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், பத்துப் பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் லிங்க் பிறந்தார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, ஐரோப்பாவில் மேற்பயிற்சி முடித்து, அதே பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் கற்பித்தார்.

1933 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. கடும் பனிப்புயலில் சுமார் 300 கிலோமீட்டர் பயணம் செய்து ஒரு விவசாயி அவருடைய ஆய்வகத்துக்கு வந்தார். அவர் கொண்டுவந்தவை இறந்துபோன ஒரு கிடாரி, பால் கேன் நிறைய உறையாத இரத்தம், கெட்டுப்போன ஸ்வீட் குளோவர் தீவனம். அந்தத் தீவனத்தை நிறுத்தச் சொல்வதைத் தவிர லிங்கால் அன்று எதுவும் செய்ய முடியவில்லை. வெறுங்கையோடு திரும்பிய அந்த மனிதர் அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

கெட்டுப்போன இந்தத் தீவனமே மாடுகளின் இரத்தப்போக்குக்குக் காரணம் என்பதைக் கனடாவின் கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் 1920களின் தொடக்கத்திலேயே காட்டியிருந்தார். ஆனால், அதிலுள்ள எந்தப் பொருள் அப்படிச் செய்கிறது என்பது தெரியவில்லை.

அதைத் தேடுவதற்கு முன் அளவுகோல் ஒன்று தேவைப்பட்டது. ஒவ்வொரு முயலின் இரத்தமும் ஒவ்வொரு விதமாக உறையும். எனவே தீவனச் சாறு கொடுத்த முயல்களின் பிளாஸ்மா உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று நம்பத்தக்க வகையில் அளக்கும் முறையை லிங்கின் குழு உருவாக்கியது. அதன் துணையோடு 1939 ஜூனில் மாணவர் ஹரோல்ட் கேம்பல் அப்பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதுவே டைகூமரால். தீவனத்துக்கு நறுமணம் தரும் கூமரின் இரத்தத்தை ஒன்றும் செய்வதில்லை. பூஞ்சை பிடிக்கும்போது அதிலிருந்துதான் டைகூமரால் உண்டாகிறது. அதாவது, செடி ஒன்றே. நல்ல தீவனமும் கெட்ட தீவனமும் தந்த விளைவுகள் வேறு.

1945இல் நோயுற்று மாதக்கணக்கில் மருத்துவமனையில் படுத்திருந்த லிங்க், எலிகளை ஒழிக்கும் முறைகளின் வரலாற்றைப் படித்தார். தம் குழு முன்பே தயாரித்திருந்த சுமார் 150 சேர்மங்களைத் திரும்பப் பரிசீலித்தார். அவற்றில் 42ஆவது சேர்மம் 1948இல் வார்ஃபரின் என்ற பெயரில் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்தது. 1954இல் அதுவே மனிதர்களுக்கான மருந்தாக அங்கீகாரம் பெற்றது. மறு ஆண்டு மாரடைப்புக்கு உள்ளான அதிபர் ஐசனோவருக்கும் அது கொடுக்கப்பட்டது. 1978 நவம்பர் 21ஆம் நாள் லிங்க் காலமானார்.

இரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் உருவாக்க வைட்டமின் கே வேண்டும். அந்த வைட்டமின் மீண்டும் பயன்படுவதை வார்ஃபரின் தடுக்கிறது. அளவு சரியாக இருந்தால் உயிர் காக்கும். மிஞ்சினால் உள்ளுக்குள் இரத்தம் கசியும். அதனால்தான் இம்மருந்தை உட்கொள்வோருக்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். வைட்டமின் கே நிறைந்த கீரைகளையும் ஒரே அளவில் சாப்பிடச் சொல்கிறார்கள். நம் வீட்டுப் பாட்டியோ தாத்தாவோ வார்ஃபரின் உட்கொண்டால், மருத்துவரைக் கேட்காமல் மூலிகைச் சாறு எதையும் கொடுக்கக் கூடாது. இலை இயற்கையானது என்பதாலேயே அது பாதுகாப்பானதாகிவிடாது.

மாணவர்களே, உங்கள் ஆய்விலும் சாறு சேர்த்த மாதிரியோடு சாறு சேர்க்காத மாதிரியையும் வையுங்கள். இலையின் எடை, நீரின் அளவு, உறையும் நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே சோதனையைப் பலமுறை செய்து பாருங்கள். ஆசிரியரின் மேற்பார்வை இல்லாமல் இரத்தத்தைக் கையாளாதீர்கள். பனிப்புயலில் வந்த அந்த விவசாயியின் கேள்விக்கு விடை கிடைக்க ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. உங்கள் முதல் சோதனை பதில் தராவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம்.