பூட்டிய அலுமாரியும் ரங்கநாதனும்

தெல்தெனிய என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. பழைய நகரம் 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது அதன் இடிபாடுகள் தலைகாட்டும். நாங்கள் இருப்பது மேட்டில் எழுந்த புதிய நகரத்தை அண்டி. 83 கலவரத்துக்குப் பின் வன்னிக்குப் போய், எல்லாம் முடிந்து 2009க்குப் பின் வெறுங்கையோடு திரும்பிய குடும்பம் எங்களுடையது.

அண்மையில், எங்கள் பக்கத்துப் பழைய வாசிகசாலை ஒன்றைத் திருத்துவது பற்றிப் பேசக் கூடினோம். கூரை, வர்ணம், கணினி என்றே பேச்சுப் போனது. தமிழ்ப் புத்தகங்கள் பூட்டிய அலுமாரிக்குள் கிடப்பதை யாரும் எடுக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து சேர முன்னரே கதவு சாத்தப்படுவதையும் எடுக்கவில்லை. அப்போது எனக்கு எஸ்.ஆர். ரங்கநாதனின் நினைவு வந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் எப்படி அமைய வேண்டும் என்று 1950களில் ஆலோசனை வழங்கியவர் அவர்.

1892 இல் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் படிப்பித்தவர். 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்தார். ஆளரவமற்ற அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. பழைய கல்லூரிக்கே திரும்பிவிட மன்றாடினார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்து முடிவெடுக்குமாறு அனுப்பிவைத்தார்கள். அங்கே நூலகங்கள் தொழிலாளருக்கும் சிறுவருக்கும் கதவு திறந்து வைத்திருப்பதைக் கண்டார். திரும்பி வந்தவர் கணிதத்தை மறந்தார்.

சென்னையில் அவர் முதலில் செய்தது, அலுமாரிகளைத் திறந்து வாசகரை உள்ளே விட்டதுதான். திறந்திருக்கும் நேரத்தையும் நீட்டினார். சுமார் இருபது ஆண்டுகள் விடுமுறை எடுக்காமல் உழைத்தார். தன் திருமண நாளன்று கூட பிற்பகலில் நூலகத்துக்கு வந்துவிட்டார். புத்தகம் இருப்பது பயன்படுவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும், அவருடைய நேரம் வீணாகக் கூடாது என்ற எண்ணங்களை 1931 இல் ஐந்து விதிகளாக எழுதினார். அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் புத்தகம் போனது. அந்த முயற்சிக்கும் அவர் துணை நின்றார். வாசகரால் வர முடியாவிட்டால் நூலகம் அவரிடம் போக வேண்டும் என்பது அவருக்கு வெறும் பேச்சல்ல. 1948 இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததிலும் அவருடைய உழைப்பு பெரிது. வாழ்நாள் சேமிப்பில் ஒரு லட்சம் ரூபாவை அந்தப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார்.

அவரின் ஆலோசனையோடும், சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடத்தோடும் எழுந்த யாழ் நூலகம் 1959 இல் திறக்கப்பட்டது. 1972 இல் பெங்களூரில் ரங்கநாதன் காலமானார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் அது எரிக்கப்பட்டது. ஏட்டுச் சுவடிகள் உட்பட ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. அதைப் பார்க்க அவர் உயிரோடு இருக்கவில்லை.

1998 இல் மீள்கட்டுமானம் தொடங்கியது. நாடெங்கும் புத்தகங்களும் செங்கற்களும் திரட்டப்பட்டன. வெள்ளைக் கட்டடம் பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுந்தது. முதன்முறை அதன் முன்னால் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் உள்ளே, சீருடையோடு ஒரு சிறுமி தானாகவே தட்டிலிருந்து புத்தகம் எடுத்து வாசித்துக்கொண்டிருந்ததைக் கண்ட பிறகுதான் நூலகம் திரும்பி வந்துவிட்டது என்று நம்பினேன்.

எரிந்தவற்றில் பலவற்றை இனி யாராலும் மீட்க முடியாது. எங்கள் வாசிகசாலையில் இருப்பவை எரியவில்லை. ஆனால் பூட்டுக்குள் கிடக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடுத்த கூட்டத்தில் வர்ணத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அலுமாரியின் சாவியையும், மாலையில் கூடுதலாக இரண்டு மணி நேரத்தையும்தான் கேட்கப் போகிறேன்.