ஸ்கேன் இல்லாத காலத்தில் ஒரு முதுகுவலி... கென்னடி மறைத்துவைத்த வேதனை!

1961, மே மாதம். கனடாவின் ஒட்டாவாவில் மரக்கன்று நடும் விழா. அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி குனிந்து மண்ணை அள்ளிப் போட்டார். அவ்வளவுதான்... முதுகு பிடித்துக்கொண்டது. அதன்பிறகு கேமரா இல்லாத இடங்களில் ஊன்றுகோலோடுதான் நடந்தார். அப்போது அவருக்கு வயசு வெறும் 43!

தேர்தலில் ஜெயித்து அதிபரானவர்களில் இவர்தான் இளையவர். கடலில் நீந்துவது, படகு ஓட்டுவது என மக்கள் பார்த்தது ஃபிட்டான ஒரு ஹீரோவை. ஆனால், ஹார்வர்டில் ஃபுட்பால் ஆடிய காலத்திலிருந்தே முதுகில் பிரச்னை. 1941-ல் ராணுவம், கடற்படை ரெண்டுமே அவரை வேண்டாம் என்றன. அப்பாவின் செல்வாக்கில்தான் கடற்படைக்குள் நுழைந்தார்.

1943 ஆகஸ்ட்டில் சாலமன் தீவுகள் அருகே அவருடைய படகை ஜப்பானியப் போர்க்கப்பல் இடித்து இரண்டாகப் பிளந்தது. தீக்காயம்பட்ட ஒருவரின் லைஃப் ஜாக்கெட் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டே மணிக்கணக்கில் நீந்திக் கரை சேர்ந்தார் கென்னடி. முதுகு என்னத்துக்கு ஆகும்?

1944-ல் முதல் ஆபரேஷன். டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துது என்று நினைத்துத் திறந்தார்கள். உள்ளே பிதுக்கம் ரொம்பக் குறைவு. வலியும் தீரவில்லை.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் தெரியாது. அதைத் தெளிவாகக் காட்டும் எம்.ஆர்.ஐ-யில் மனிதர்களைப் படமெடுக்கத் தொடங்கியதே 1970-களின் கடைசியில்தான்.

1954-ல் இன்னொரு ஆபரேஷன். முதுகில் உலோகத் தகடு வைத்தார்கள். ஏற்கெனவே அடிசன் நோய் வேறு இருந்தது. தொற்று பரவி, கோமாவுக்குப் போய், பாதிரியார் வந்து இறுதிச் சடங்கு ஜெபமே செய்துவிட்டார். பிழைத்தார். நாலு மாசத்தில் அந்தத் தகட்டையும் கழற்ற வேண்டியதாயிற்று.

அன்றைக்கு எம்.ஆர்.ஐ இருந்திருந்தால்? இந்த ஆபரேஷன்களைத் தவிர்த்திருக்கலாம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால், அதிலும் ஒரு சிக்கல். 1994-ல் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு அமெரிக்காவில் எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு டிஸ்காவது உப்பியிருந்தது! அதாவது, படத்தில் தெரிவதுதான் வலிக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்' என்று பார்த்ததுமே அலறுகிறோமே, நாமெல்லாம் இதைக் கொஞ்சம் கவனிக்கணும்.

கென்னடிக்குக் கடைசியில் கைகொடுத்தது எது தெரியுமா? உடற்பயிற்சி! மரக்கன்று விழாவுக்கு முன்பிருந்தே வலி ஊசிகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. அந்த வருஷக் கடைசியில் ஹான்ஸ் கிராஸ் என்ற டாக்டர் வந்து, தசைகள் பலவீனமாகக் கிடப்பதுதான் பிரச்னை என்றார். வாரம் மூணு முறை வெள்ளை மாளிகையிலேயே பயிற்சி. சில மாதங்களில் நல்ல முன்னேற்றம்.

ஆனாலும், முதுகு பெல்ட்டை அவர் விடவில்லை. 1963 நவம்பர் 22, டல்லாஸில் திறந்த காரில் போனபோதும் இடுப்பில் அதை இறுக்கிக் கட்டியிருந்தார். முதல் குண்டு பட்டதும் சரிந்து விழ முடியாமல் அந்த பெல்ட்தான் அவரை நிமிர்த்தி வைத்திருந்தது, அதனால்தான் அடுத்த குண்டு தலையில் பாய்ந்தது என்று சில மருத்துவர்கள் கருதுகிறார்கள்.