மூன்று அறிகுறிகளை ஒரே நோயாக இனங்கண்ட துருக்கி மருத்துவர் ஹுலுசி பெஹ்செட்

திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண், பிறப்புறுப்புப் புண், கண் அழற்சி ஆகிய மூன்றும் ஒரே நோயின் வெளிப்பாடுகள் என்று 1937-ஆம் ஆண்டு எடுத்துரைத்தவர், துருக்கியைச் சேர்ந்த தோல் நோய் மருத்துவர் ஹுலுசி பெஹ்செட். அவரது பெயரால் வழங்கும் அந்நோய் மூளையையும் தாக்கக் கூடியது என்பது பின்னர் தெளிவானது.

இஸ்தான்புல் நகரில் 1889 பிப்ரவரி 20-ஆம் தேதி பிறந்த அவர், இளம் வயதிலேயே தாயை இழந்து பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்தார். ராணுவ மருத்துவக் கல்வி பயின்று 1910-இல் பட்டம் பெற்றார். முதலாம் உலகப் போரின்போது ராணுவ மருத்துவமனைகளில் பணியாற்றினார். போருக்குப் பின் புடாபெஸ்ட், பெர்லின் நகரங்களில் பயிற்சி பெற்றுத் தாயகம் திரும்பினார். 1933-இல் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அவர் கவனித்த முதல் நோயாளி, பல ஆண்டுகளாக வெவ்வேறு மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றவர். மேகநோய், காசநோய் எனப் பலவாறு சந்தேகிக்கப்பட்டும் காரணம் புலப்படவில்லை. இறுதியில் அவர் பார்வையை இழந்தார். அதே அறிகுறிகளை மேலும் இரு நோயாளிகளிடம் கண்ட பின்னரே பெஹ்செட் தமது முடிவை வெளியிட்டார். கிருமித் தொற்றே காரணம் என்று அவர் கருதினார், அது உறுதிப்படவில்லை. கிரேக்க மருத்துவர் அடமான்டியாடிஸ் 1931-இலேயே இத்தகைய நோயாளி ஒருவரைப் பதிவு செய்திருந்ததால், இருவர் பெயரையும் இணைத்து அழைப்போரும் உண்டு.

நோய் எதிர்ப்பு அமைப்பின் பிறழ்வால் ரத்த நாளங்களில் ஏற்படும் அழற்சியே இந்நோயின் அடிப்படை எனத் தற்போது அறியப்படுகிறது. நோயாளிகளில் சிறு பகுதியினருக்கு நரம்பு மண்டலம் பாதிக்கப்படுகிறது. மூளைத்தண்டில் அழற்சி ஏற்பட்டால் பேச்சு குழறும், நடை தடுமாறும், கை கால்கள் வலுவிழக்கும். மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்தால் கடும் தலைவலியும் பார்வைக் கோளாறும் தோன்றும். ஸ்டீராய்டு மருந்துகளும் நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மருந்துகளும் இதற்கு அளிக்கப்படுகின்றன.

துருக்கி முதல் ஜப்பான் வரை, பண்டைய பட்டுப்பாதை நெடுகிலும் இந்நோய் அதிகம் காணப்படுகிறது. இந்தியாவிலும் நோயாளிகள் உள்ளனர். இதனை உறுதிசெய்யத் தனியொரு ரத்தப் பரிசோதனை கிடையாது. வாய்ப்புண்ணை ஒரு மருத்துவரிடமும் கண் சிவப்பை மற்றொருவரிடமும் தலைவலியை வேறொருவரிடமும் தனித்தனியே தெரிவித்தால், நோயைக் கண்டறிவது இன்றும் தாமதமாகலாம். எனவே, அனைத்து அறிகுறிகளையும் ஒரே மருத்துவரிடம் கூறுவது அவசியமாகிறது.

1947-இல் சூரிச் பேராசிரியர் மீஷர், இந்நோய்க்குப் பெஹ்செட்டின் பெயரைச் சூட்ட முன்மொழிந்தார். மறு ஆண்டு மார்ச் 8-ஆம் தேதி, மாரடைப்பால் பெஹ்செட் காலமானார்.