நம்ம பொன்னேரிப் பக்கம் வளர்ந்த வள்ளலார்: பழைய கவிஞரை அவர் எப்படிப் பார்த்தார், அவரை நாம் எப்படிப் பார்க்கிறோம்?

மீஞ்சூரில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் பொன்னேரி. அதை ஒட்டிய சின்னக்காவணம்தான் வள்ளலாரின் அம்மா சின்னம்மையின் ஊர். நம்மில் பல பேருக்கு இது தெரியாது. வள்ளலார்னா வடலூர், அவ்வளவுதான்.

இங்கே எப்படி வந்தார்?

இராமலிங்கம் பிறந்தது சிதம்பரம் பக்கத்து மருதூரில், 1823 அக்டோபர் 5. சில மாதத்திலேயே அப்பா இராமையா இறந்துபோனார். பிள்ளைகளோடு அம்மா பிறந்த ஊருக்குத் திரும்பினார். பிறகு குடும்பம் சென்னைக்குப் போனது. புராணச் சொற்பொழிவு செய்த அண்ணன் சபாபதிதான் குடும்பத்தைத் தாங்கினார். தம்பிக்கோ பள்ளிக்கூடம் ஒட்டவில்லை. கந்தகோட்டத்தில் பாடினார், திருவொற்றியூருக்கு நடையாய் நடந்தார்.

அவர் மனசில் இருந்த பழைய கவிஞர் யார்?

மாணிக்கவாசகர். பாண்டியனின் மந்திரி, குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்தவர், கடைசியில் தில்லையில் இறைவனோடு கலந்தவர் என்பது மரபுக் கதை. வள்ளலார் அவரைப் பற்றித் தனியாக ஒரு அருள்மாலையே பாடினார். மற்றவர்களுக்குத் திருவாசகம் ஓதுகிற நூல். இவருக்கு அது தன்னோடு பேசுகிற குரல். அந்த உருக்கத்தை எடுத்துக்கொண்டு, அதோடு பசித்தவனின் வயிற்றையும் சேர்த்தார். 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். அங்கே மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. 1872-ல் சத்திய ஞானசபை வந்தது.

சண்டை எதற்கு?

அதே 1867-ல் சீடர் தொழுவூர் வேலாயுத முதலியார் அவர் பாடல்களைத் திருவருட்பா என்ற பெயரில், திருமுறைகளாகப் பிரித்து வெளியிட்டார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தரப்பு இதை ஏற்கவில்லை. அருட்பா, திருமுறை என்ற பெயரெல்லாம் நாயன்மார் பாட்டுக்கே உரியது என்றார்கள். விவகாரம் கோர்ட் வரை போனது. நேற்று வந்தவர் பழைய பெரியவர்கள் வரிசையில் உட்காரலாமா என்பதுதான் உண்மையான கேள்வி. 1874 ஜனவரி 30-ல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர் திரும்ப வெளியே வரவில்லை. அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. மறைமலையடிகள் அருட்பா பக்கம் நின்று வாதாடினார்.

பின்னால் வந்தவர்கள்?

ஆளுக்கு ஒரு வள்ளலாரைக் கண்டார்கள். பாரதியார் தமிழ்நாட்டின் விழிப்புக்கு முன்னோடியாக எண்ணினார். ம.பொ.சி. ஒருமைப்பாட்டைக் கண்டு எழுதிய நூலுக்கு 1966-ல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. திராவிட இயக்கத்தார் சாதி மறுப்பை எடுத்துக்கொண்டார்கள். 2023-ல் ஆளுநர் ஆர்.என்.ரவி அவரைச் சனாதனத்தோடு சேர்த்துப் பேச, பெரிய எதிர்ப்பு கிளம்பியது. தமிழக அரசு அவர் பிறந்தநாளைத் தனிப்பெருங்கருணை நாள் என்று அறிவித்திருக்கிறது.

சரி, இதில் எது நிஜ வள்ளலார்?

அவர் மாணிக்கவாசகரிடம் தனக்கு வேண்டியதைத்தான் எடுத்தார். நாமும் அப்படித்தான். ஒரு வித்தியாசம்: எடுத்ததை அவர் சோறாக்கிப் போட்டார். நம்ம ஆள் என்று உரிமை கொண்டாடும் யாரையும் அந்த அடுப்பை வைத்துத்தான் அளக்கணும்.