ஒரு பிள்ளையின் எண்கள்: எஸ். எஸ். பிள்ளையின் வாழ்வு

புதுக்குடியிருப்பில் உயர்தரக் கணிதப் பிரிவில் கற்கும் மாணவர் ஒருவரிடம் அவரது எதிர்கால நோக்கம் யாதென வினவினால், பொறியியல் பீடம் என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். அதில் தவறேதும் இல்லை. 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் வைத்தியசாலைகூட ஷெல் வீச்சுக்குத் தப்பாத ஒரு மண்ணிலிருந்து மீண்டெழும் குடும்பங்கள், பிள்ளைக்கு விரைவில் தொழில் வேண்டும் என்று எண்ணுவது இயல்பே. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் பிள்ளைகளைப் படிக்க வைத்த முஸ்லிம் குடும்பங்களின் எண்ணமும் இதுவாகவே இருந்தது. ஆனால் இணைந்த கணிதத்தில் அதிசிறப்புச் சித்தி பெறும் நம் பிள்ளைகளுள், கணிதத்தையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொள்ளலாம் என்று அறிந்தவர் எத்தனை பேர்? அப்படி ஒரு வாழ்வு உண்டு என்பதை அவர்களுக்கு எடுத்துக் கூறியோர் எத்தனை பேர்?

இராமானுஜன் ஒரு தெய்வீக அதிசயம், அவரைப் போல் ஆவது நமக்கு இயலாது என்று ஒதுங்கிக்கொள்வது நம்மிடையே வழக்கம். ஆகவே இன்று நாம் அவரைப் பற்றி எழுதவில்லை. அவருக்கு 13 ஆண்டுகள் இளையவரான சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளையைப் பற்றி எழுதுகிறோம். கணித உலகம் அவரை எஸ். எஸ். பிள்ளை என அறியும்.

அவர் 1901 ஏப்ரல் 5ஆம் திகதி, குற்றாலத்துக்கு அண்மையில் உள்ள வல்லம் என்ற ஊரில் பிறந்தார். தாயார் கோமதி அம்மாள் பிள்ளைக்கு ஒரு வயதாகும்போதே காலமானார். தந்தையார் சுப்பையா பிள்ளை, மகன் பாடசாலைக் கல்வியின் இறுதியாண்டில் இருந்தபோது மறைந்தார். அத்துடன் படிப்பு முடிந்திருக்க வேண்டும். அது முடியாமற் காத்தவர், மாணவனின் திறமையை அறிந்திருந்த ஓர் ஆசிரியர். அவர் கொடுத்த உதவியினாலேயே பிள்ளை மேற்படிப்புக்குச் செல்ல முடிந்தது. போரில் தாய் தந்தையரை இழந்த பிள்ளைகள் நிறைந்த வகுப்பறைகளில் இன்றும் கற்பித்துக்கொண்டிருக்கும் நம் ஆசிரியர்களுக்கு இச்செய்தி புதிதாக இராது.

நாகர்கோயில் ஸ்கொட் கிறிஸ்தவக் கல்லூரியிலும், பின்னர் திருவனந்தபுரம் மகாராஜாக் கல்லூரியிலும் கற்றுப் பட்டம் பெற்ற பிள்ளைக்கு, 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. அங்கே பேராசிரியர் ஆனந்த ராவ் இருந்தார். கேம்பிரிட்ஜில் ஹார்டியின் வழிகாட்டலில் பயின்று திரும்பியவர் அவர். சென்னையில் கணித ஆராய்ச்சி ஒரு மரபாக வேரூன்றியது அவரைப் போன்றோரின் காலத்தில்தான். அதற்கும் முன்னர், 1907இலேயே இந்தியக் கணிதக் கழகம் தோன்றியிருந்தது. இராமானுஜனின் முதல் கட்டுரை 1911இல் அக்கழகத்தின் சஞ்சிகையில்தான் வெளியானது. ஆக, பிள்ளை வெறும் தரையில் நிற்கவில்லை. சிலர் சேர்ந்து இட்ட ஒரு சிறு திண்ணை அவருக்கு இருந்தது.

1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் அங்கு விரிவுரையாளராகச் சேர்ந்த பிள்ளை, 1941 வரை அங்கேயே பணியாற்றினார். இலண்டனும் பாரிஸும் எட்டாத தொலைவில் இருந்த, புதிதாகப் பிறந்த ஒரு பல்கலைக்கழகத்தில்தான் அவருடைய பெரும் பணி நிறைவேறியது.

அப்பணி என்னவென்பதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. சாதாரண தர மாணவருக்கும் அது விளங்கும். எந்த நேர் முழுவெண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்று 1770இல் லக்ராஞ்ச் நிறுவினார். உதாரணமாக 7 என்பது 4, 1, 1, 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. அதே ஆண்டில் வாரிங் என்ற ஆங்கிலேயர், கனங்களானால் ஒன்பது போதும், நான்காம் வலுக்களானால் பத்தொன்பது போதும், மேலே செல்லச் செல்ல இவ்வாறே ஓர் எல்லை இருக்கும் என்று நிறுவலின்றி எழுதி வைத்தார். 23ஐ எடுத்துக்கொள்வோம். அது 27ஐவிடச் சிறியது. ஆகவே 8ஐயும் 1ஐயும் மட்டுமே கொண்டு அதை ஆக்க வேண்டும். இரண்டு 8, ஏழு 1, மொத்தம் ஒன்பது. எனவே ஒன்பதுக்குக் குறைய முடியாது. ஆனால் எந்த எண்ணுக்கும் ஒன்பதுக்கு மேல் தேவைப்படாது என்று நிறுவுவதுதான் கடினம். அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கைகூடியது. ஒவ்வொரு வலுவுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மட்டும் ஜேர்மனியரான ஹில்பேர்ட் 1909இல் நிறுவினார். அந்த எல்லை சரியாக எத்தனை என்பது எஞ்சியிருந்தது.

சிதம்பரத்தில் இருந்துகொண்டு பிள்ளை இதற்கு விடை கண்டார். ஏழாம் வலு தொடக்கம் மேலுள்ள வலுக்களுக்கு, எளிதிற் சரிபார்க்கக்கூடிய ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு, எல்லையைத் தரும் சூத்திரத்தை 1936 அளவில் நிறுவினார். அதே காலத்தில் அமெரிக்காவின் சிக்காகோவில் டிக்சன் என்ற புகழ்பெற்ற பேராசிரியர், பிள்ளையின் பணியை அறியாமலே அதே முடிவை அடைந்தார். ஆறாம் வலு இருவரிடமும் அப்போது பிடிபடவில்லை. 1940இல் பிள்ளை அதனையும் தீர்த்தார். விடை 73. 703 என்ற எண்ணை எடுத்துப் பாருங்கள். அது 729ஐ எட்டவில்லை. பத்து 64, அறுபத்து மூன்று 1, மொத்தம் 73. அதற்கு மேல் எந்த எண்ணுக்கும் தேவையில்லை என்பதே பிள்ளையின் நிறுவல்.

அக்கட்டுரைகளில் பலவற்றை அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சஞ்சிகையிலும் இந்தியக் கணிதக் கழகச் சஞ்சிகையிலுமே வெளியிட்டார். மேல்நாட்டு நூலகங்களில் அவற்றைக் கண்டவர் சிலரே. டிக்சனின் பெயர் பரவிய அளவுக்குப் பிள்ளையின் பெயர் பரவாமைக்கு இது ஒரு காரணம் என்பது நமது கருத்து. இதற்காக உள்ளூர்ச் சஞ்சிகைகளைக் குறைகூற நாம் உடன்படோம். அவை இல்லாதிருந்தால் அக்கட்டுரைகள் எழுதப்பட்டிருக்குமா என்பதே ஐயம்.

1941இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பிள்ளையை, மறு ஆண்டே பிரெடரிக் லெவி கல்கத்தாவுக்கு அழைத்துக்கொண்டார். லெவி யார்? யூதர் என்பதற்காக நாசி ஆட்சியில் லைப்சிக் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு, 1935இல் கல்கத்தாவுக்கு வந்து கணிதத் துறைக்குத் தலைமை தாங்கிய ஜேர்மனியர். புகலிடம் தேடி வந்த ஒருவர், தாய் தந்தையின்றி வளர்ந்த மற்றொருவரின் திறமையைக் கண்டுகொண்டார்.

கணித வரலாற்றில் இத்தகைய இடப்பெயர்வுகள் பல. இன்று ஸ்பெயின் எனப்படும் நாட்டின் பாஸா நகரில் 1412இல் பிறந்த அல்-கலசாதி என்ற முஸ்லிம் அறிஞர், கிறிஸ்தவப் படைகள் முன்னேறி வந்த காலத்தில் ஊரை விட்டு அகன்று 1486இல் துனீசியாவில் காலமானார். அவரது எண்கணிதப் பாடநூல்கள் வட ஆபிரிக்காவில் பல தலைமுறைகளுக்குக் கற்பிக்கப்பட்டன. ஏறத்தாழ 450 ஆண்டுகளின் பின், ஸ்பானிய உள்நாட்டுப் போரில் நாடிழந்த சந்தாலோ என்ற கணிதவியலாளர் 1939இல் ஆர்ஜென்டீனாவின் ரொசாரியோ நகரை அடைந்தார். அங்கே ரே பாஸ்தோர் என்ற மற்றொரு ஸ்பானியர் 1921இலிருந்து தங்கிக் கணிதத்தை வளர்த்து வந்தார். 1936இல் ஆர்ஜென்டீனாவின் கணிதச் சங்கமும் உருவாகியிருந்தது. நம்மைப் போலவே, ஐரோப்பிய மையங்களிலிருந்து தொலைவில் ஒரே மொழி பேசிய மக்கள், தமக்கெனச் சங்கமும் சஞ்சிகையும் கண்டனர். அவர்களிடமிருந்து எழுந்தவர் அல்பேர்ட்டோ கல்டெரோன். அவர் முதலிற் பெற்றது குடிசார் பொறியியற் பட்டம் என்பதை நம் பெற்றோர் கவனிக்கட்டும்! சிக்காகோவிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் புவனஸ் அயர்ஸில் அவரைக் கண்டு அழைத்துச் சென்றார். 1950இல் கல்டெரோன் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் 20ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த கணிதவியலாளருள் ஒருவராக மதிக்கப்பட்டார்.

அதே 1950இல் பிள்ளைக்கும் அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டு தங்கி ஆராயவும், ஹார்வர்டில் நடைபெறவிருந்த சர்வதேசக் கணித மாநாட்டிற் கலந்துகொள்ளவும் அவர் பம்பாயிலிருந்து புறப்பட்டார். கெய்ரோவில் தரித்து மீண்டும் எழுந்த அவ்விமானம் ஆகஸ்ட் 31ஆம் திகதி நைல் கழிமுகப் பிரதேசத்தில் வீழ்ந்து எரிந்தது. அதில் இருந்த 55 பேரும் மாண்டனர். பிள்ளைக்கு வயது 49. மாநாடு முந்திய நாளே தொடங்கியிருந்தது. மேல்நாட்டில் கணிதவியலாளருடன் நேரில் அமர்ந்து உரையாடும் வாய்ப்புக் கைக்கெட்டிய வேளையில் அது நிகழ்ந்தது.

அவர் விட்டுச் சென்ற பாதையில் வேறு சிலர் நடந்தனர். ஐந்தாம் வலுவுக்கு எல்லை 37 என்று சீனரான சென் ஜிங்ருன் 1964இல் நிறுவினார். நான்காம் வலுவுக்கு வாரிங் கூறிய 19 சரியே என்பதை, தமிழரான ஆர். பாலசுப்பிரமணியன் இரு பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்து 1986இல் நிறுவினார். அதே பாலசுப்பிரமணியன், தங்கதுரையுடன் இணைந்து பிள்ளையின் கட்டுரைகள் அனைத்தையும் தொகுத்தார். அத்தொகுப்பு 2010இல் வெளிவந்தது. இராமானுஜனும் ஹார்டியும் உருவாக்கிய முறையொன்றை வளர்த்தெடுத்து, ஐந்துக்கு மேற்பட்ட ஒற்றை எண் ஒவ்வொன்றும் மூன்று முதன்மை எண்களின் கூட்டுத்தொகையே என்ற நிறுவலைப் பேரு நாட்டவரான ஹெல்ஃப்கொட் 2013இல் வெளியிட்டதும் இந்த வரிசையிற் சேர்த்து எண்ணத்தக்கது.

பிள்ளை கேட்டுவிட்டுப் போன வினா ஒன்று இன்னும் தீரவில்லை. வர்க்கம், கனம், அவற்றுக்கு மேற்பட்ட வலுக்கள் அனைத்தையும் ஒரே வரிசையில் எழுதுங்கள்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என அது நீளும். வரிசையில் வெகுதூரம் செல்லும்போது அடுத்தடுத்த எண்களுக்கிடையிலான இடைவெளி எல்லையின்றி வளரும், எந்த ஓர் இடைவெளியும் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வராது என்று அவர் கருதினார். இடைவெளி 1 என்பது 8க்கும் 9க்கும் இடையே மட்டுமே உண்டு என்பதை ருமேனியரான மிஹைலெஸ்கு 2002இல் நிறுவினார். இடைவெளி 2 என்பது 25க்கும் 27க்கும் இடையே உள்ளது. அது வேறெங்கேனும் வருமா என்பதை இதுவரை எவரும் நிறுவவில்லை. அந்த வினாவை விளங்கிக்கொள்ள, ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு ஓர் அப்பியாசக் கொப்பியும் பென்சிலும் போதும்.